கோடாலி வாங்கப் போற மருமவனுக்கு

வாங்கு மருமவனே, தாராளமா வாங்கு. யாரு வேண்டாம்னா? பொழுதுக்கும் கம்ப்யூட்டர் முன்னால குத்தவச்சு இருந்துட்டு, சாயங்காலமானா அந்த ஓடுற ரப்பர் மேல ஏறி, நின்ன எடத்துலயே வேர்க்க விறுவிறுக்க ஓடுனியே, அதுக்கு இது எவ்வளவோ மேல். இப்ப அந்த மிஷின்ல எம் மவ ஈரச்சேலை காயப் போடுதா. கோடாலில சேலை காயப்போட முடியாதே, அது ஒண்ணுதான் எனக்கு விசாரம்.

ஆட்டையும் மாட்டையும் காட்டுதேன்னு சிட்னி ஈஸ்டர் ஷோவுக்குக் கூட்டிட்டுப் போனே. நான் மரவெட்டுப் பக்கம் உக்காந்தவன் எந்திரிக்கல. நீயும் எந்திரிக்கல. அன்னைக்கு ராத்திரியே போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு கோடாலி விலை பாத்தே. மாமன் தூங்கிட்டாருன்னு நெனப்பு. இந்த வயசுல எனக்கு ஏது தூக்கம்?

ஹோம்புஷ்னா முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் வாங்குற ஊருன்னுதான் எனக்குத் தெரியும். அதை ஒட்டுன ஒலிம்பிக் பூங்காவுல இந்தக் கண்காட்சி 1998ல இருந்து நடக்குதாம். அதுக்கு முந்தி மூர் பார்க். மரவெட்டுப் போட்டி 1899லயே இந்தக் கண்காட்சியில சேர்ந்தாச்சு. நூத்தி இருவது வருசத்துக்கு மேலயா ஒரு ஊரு சனம் டிக்கெட் வாங்கிக்கிட்டு, அடுத்தவன் கட்டை வெட்டுறதை உக்காந்து பாத்திருக்கு! நானும் வெட்டுனவன்தான். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட கை இது. எவனாவது ஒருத்தன் கைதட்டியிருப்பானா? எடை போடுதவன் மட்டும் தட்டுவான், தராசை. அதுவும் அவன் பக்கமா.

பக்கத்துல உக்காந்திருந்தாரே ஒரு பெரியவரு, கையில்லா பனியனும் அருவாமீசையுமா, அவரு ஒரு காலத்துக் கோடாலிக்காரராம். அவரு பேச, எம் மவ தமிழ்ல சொல்ல, நீ ஐஸ்கிரீம் தின்ன, எனக்கு ஒரு பொழுதுல பாதி சாத்திரம் வந்து சேந்துட்டுது. அதைத்தான் இப்ப உனக்கு இலவசமா தாரேன். நீ யூடியூப்ல பாத்ததை ஒரு ஓரமா வையி.

இந்த விளையாட்டு பொறந்ததே பந்தயத்துலதான். டாஸ்மேனியாத் தீவுல அல்வர்ஸ்டன்னு ஒரு ஊரு. 1870ல ரெண்டு மரவெட்டிக்காரங்க, யாரு முதல்ல மரத்தைச் சாய்க்கிறதுன்னு 25 பவுன் பந்தயம் கட்டுனாங்கன்னு சொல்லுதாங்க. அந்தக் காலத்து 25 பவுனு, மருமவனே! இங்கிலீஷ்காரன் நாட்டுப் பணம்தான், நகைப் பவுனு இல்ல. எம் மவ கழுத்தைப் பாக்காதே. அப்புறம் 1891ல அதே தீவுல லாட்ரோப்ங்கிற ஊர்ல உலகப் பட்டம்னே போட்டி வச்சு, சங்கமும் கட்டிட்டாங்க. காட்டை அழிச்சு ஊரு கட்டுன சனம். வேலை கிடைச்ச நாள்ல கூலிக்கு வெட்டுனாங்க, வேலை இல்லாத நாள்ல வீம்புக்கு வெட்டுனாங்க. வீம்பு விளையாட்டாச்சு. விளையாட்டு திருவிழாவாச்சு. இப்ப இந்த நாட்டுல சின்ன ஊருக் கண்காட்சில கூட ஒரு பக்கம் மாடு நிக்கும், ஒரு பக்கம் ஜாம் பாட்டில் நிக்கும், நடுவுல கட்டை பறக்கும்.

நீ பாத்ததுல முதல் வகை, கட்டையைப் படுக்கப் போட்டு, அது மேலயே ஏறி நின்னு, ரெண்டு காலுக்கும் நடுவுல வெட்டுறது. நீ வாயைப் பொளந்தது அங்கதான். நம்ம வீட்டு விறகு வேற. அது நாரோட்டத்துல ஆப்பு வச்சா பிளந்துரும். இது குறுக்குவெட்டு. முதல்ல ஒரு பக்கம் பாதி வரைக்கும் வாய் தொறக்கணும். பிறகு மேலயே திரும்பி நின்னு மறுபக்கம். வாயை ரொம்பக் குறுக்கிட்டா கோடாலி மாட்டிக்கிடும், ரொம்ப அகட்டிட்டா வெட்டுன கட்டையையே வெட்டிக்கிட்டு இருப்பே. முன்னூறு மில்லிமீட்டர் கட்டையைக் கைதேர்ந்தவன் இருவது செகண்டு வாக்குல ரெண்டாக்கிருதான். உனக்கு இருவது செகண்டுல பாஸ்வேர்டே ஞாபகம் வராது.

அவங்க காலுறையைப் பாத்தியா? வெறும் நூலு இல்ல. இரும்பு வளையத்தைக் கோத்துப் பின்னுன உறை. கோடாலி தப்புனா விரல் தப்பணுமில்ல. நீ முதல்ல அதை வாங்கு. கோடாலியை அடுத்த வருசம் வாங்கிக்கிடலாம். காலுறையை மட்டும் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பழகு. எம் மவளுக்கும் நீ எங்க இருக்கேன்னு சத்தத்துல தெரியும்.

அவங்க கோடாலியை நீ நெனைக்கிற இரும்புக் கடையில வாங்க முடியாது. நியூசிலாந்துல மாஸ்டர்டன்னு ஒரு ஊரு, அங்க துவாதாஹின்னு ஒரு பட்டறை, பந்தயக் கோடாலிக்குப் பேரு போனது. தலை மட்டும் மூணு கிலோ வாக்குல. ஒவ்வொருத்தனும் ஒரு மரப்பெட்டில நாலஞ்சு அடுக்கி வச்சிருக்கான். இளங்கட்டைக்கு ஒண்ணு, வைரம் பாஞ்ச கட்டைக்கு ஒண்ணுன்னு வாயை வேற வேற கோணத்துல சாணை பிடிச்சு வச்சிருக்கான். கூர் பாக்கக் கை மயிரை வழிச்சுப் பாக்குதான். விலை நூத்துக்கணக்கான டாலரு. அந்தப் பெரியவரு சொன்னாரு, இவங்க பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் மறப்பாங்க, கோடாலிக்கு எண்ணெய் போட மறக்க மாட்டாங்கன்னு. எம் மவ அதைத் தமிழ்ல சொல்லும்போது உன்னையத்தான் பாத்தா. நீ ஐஸ்கிரீமைப் பாத்தே.

கட்டையும் அவனவன் இஷ்டத்துக்குக் கிடையாது. ஒரே சுற்றளவுக்குச் செதுக்கி, சீட்டுப் போட்டுக் குடுக்குதாங்க. கணு உள்ள கட்டை உனக்கு வந்துட்டா உன் தலையெழுத்து. மரம் பெரும்பாலும் தைலமர வகையறா. 19ஆம் நூற்றாண்டுல இங்க இருந்துதான் நம்ம நீலகிரிக்குக் கொண்டுபோய் வச்சாங்க. அது நம்ம ஊத்துத் தண்ணியை உறிஞ்சுது, நான் இங்க வந்து அதை வெட்டுறதைப் பாத்துக் கைதட்டுதேன். கணக்கு நேராயிட்டுதுன்னு வச்சுக்கோ.

நிக்க வச்ச கட்டையை வெட்டுறதை விட்டுரு. அதை விட எனக்குப் புடிச்சது கம்பத்துல ஏறி வெட்டுனது. வெறும் கம்பம். அதுல ஒரு பொந்து வெட்டி, இரும்புப் பூண் போட்ட பலகையைச் செருகி, அதுல ஏறி நின்னு, அடுத்த பொந்து, அடுத்த பலகை. உச்சில இருக்குற கட்டையை ஒரு பக்கம் பாதி வெட்டிட்டு, சரசரன்னு இறங்கி, மறுபக்கம் அதே மாதிரி ஏறி மிச்சத்தை வெட்டணும். நம்ம பனையேறி மாமா தளைநார் போட்டு ஏறுற வேகம்தான், மரம் மட்டும் வேற. பழைய காட்டு மரமெல்லாம் அடித்தூரு வீங்கிப் பெருத்துக் கெடக்குமாம். கீழ நின்னு வெட்டுனா பொழுது போயிரும்னு, மேல ஒல்லியா இருக்குற எடத்துக்குப் பலகை போட்டு ஏறுனாங்க. சோம்பேறித்தனத்துல பொறந்த வீரம். அதனால உனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு.

சரி, உடம்புக்கு நல்லதுன்னு ஒரு பாட்டு பாடுனியே, அதுக்கு வாரேன். எம் மவ படிச்சுச் சொன்னா. சும்மா உக்காந்திருக்குறதுக்கு உடம்பு செலவழிக்கிறதை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மடங்குன்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்களாம். ஒண்ணேகால் கிலோ கோடாலியால நிமிசத்துக்கு 51 போடு போட்டா 17.5 மடங்கு. அதே கோடாலியால 19 போடு போட்டா 5 மடங்கு. நீ ஒரு போடு போட்டுட்டு மூணு போட்டோ எடுக்குற ஆளு. உன் கணக்கை நீயே போட்டுக்கோ.

இன்னொண்ணும் சொன்னா, சொல்லும்போது லேசா சிரிச்சா. பொலிவியாக் காட்டுல சிமானேன்னு ஒரு சனம். வயக்காட்டுக்காக மரம் வெட்டுதவங்க. ஒரு மணி நேரம் வெட்டுறதுக்கு முன்னயும் பின்னயும் எச்சில் எடுத்துப் பாத்தா, ஆம்பளைச் சுரப்பு 47 சதவீதம் போல ஏறியிருக்கு. அதே சனத்து ஆளுங்க பந்து விளையாடுனப்ப ஏறுனது 30 சதவீதம் போலத்தான். 2013ல வந்த ஆராய்ச்சியாம். கிழவன், குமரன் வித்தியாசம் இல்லாம ஏறுச்சாம். உடனே மீசையைத் தடவாதே! அது அந்த நேரத்து ஏத்தம், நிரந்தர வைப்பு இல்ல. அதுவும் சாப்பாட்டுக்காக வெட்டுதவனுக்கு வந்தது. நீ சாப்பிட்டுட்டு வெட்டப் போறவன்.

இதுல எனக்கு ஒரு சந்தேகம் உண்டு மருமவனே. வெட்டுனா உடம்புக்கு நல்லதுன்னா, எங்க பக்கத்துல கரிக்கு வெட்டுதவன் எல்லாம் நூறு வயசு இருந்திருக்கணும். இருந்தானா? நாப்பதுல முதுகு போச்சு, அம்பதுல தோளு போச்சு. எனக்கு வலது கை இன்னைக்கும் தலைக்கு மேல முழுசா போகாது; கும்பிடு போடச் சொன்னா பாதிக் கும்பிடுதான். அதே கோடாலி, அதே போடு. அங்க விடிஞ்சதுல இருந்து வெட்டணும், முள்ளுக்கு நடுவுல வெட்டணும், எடை குறைஞ்சா வீட்டுல உலை கொதிக்காது. இங்க இருவது செகண்டு வெட்டிட்டு இறங்கி வந்து தண்ணி குடிக்கான். தோத்துட்டா என்ன, அடுத்தவன் வந்து முதுகுல தட்டுதான். நிறுத்தணும்னு தோணுன எடத்துல நிறுத்த முடியுது பாரு, பாதி மருந்து அதுலதான் இருக்கு.

மீதிப் பாதி எங்க இருக்குன்னு சொல்லுதேன். நீ அதைக் கவனிச்சிருக்க மாட்டே, அப்ப ரெண்டாவது ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தே.

எட்டுப் பேரு கட்டை மேல வரிசையா நிக்கான். நடுவரு சத்தமா எண்ண ஆரம்பிக்காரு. எண்ண ஆரம்பிச்சதும் ஒருத்தன் வெட்டுதான். அவன் புதுசா வந்த பொடியன். எண்ணிக்கை ஓடுது. அடுத்தவரு ஆரம்பிக்காரு. அவரு வயசானவரு, தலை நரைச்சவரு. எண்ணிக்கை இன்னும் ஓடுது. கடைசிக் கட்டை மேல ஒருத்தன் நிக்கான், மலைக் கணக்கா தோளு. எல்லாருக்கும் சிலாம்பு பறக்குது, இவன் கோடாலியைத் தாழப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கான். நான் நெனச்சேன், பாவம், காது கேக்காது போலன்னு. பெரியவரு சிரிச்சுட்டாரு. அவன்தான் சூரனாம். சூரன் நிக்கணும். பலத்துக்குத் தக்கபடி ஒவ்வொருத்தனுக்கும் எத்தனை செகண்டு பொறுக்கணும்னு முன்னாலயே கணக்குப் போட்டுக் குடுத்திருக்காங்க. அவன் எண்ணு வரும்போதுதான் அவன் போடலாம். ஜெயிச்சான்னா அடுத்த தடவை அவனுக்கு இன்னும் ரெண்டு மூணு செகண்டு கூட ஏத்திருவாங்க. ஜெயிக்க ஜெயிக்கப் பொறுக்கணும்.

அப்புறம் பாத்தா, கடைசில எட்டுக் கட்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்துல விழுது. பொடியன் ஜெயிச்சாலும் ஜெயிப்பான், கிழவன் ஜெயிச்சாலும் ஜெயிப்பான். தாத்தனும் பேரனும் ஒரே வரிசையில நிக்க முடியுது. உலகப் பட்டம்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கணும், அது வேற. ஆனா ஊரு கூடுறது இந்த எண்ணிக்கைப் போட்டிக்குத்தான்.

நம்ம ஊர்ல இளவட்டக்கல்லு கெடக்குதே, கோயில் முன்னால. தூக்குனவனுக்குப் பொண்ணு, தூக்காதவனுக்கு ஊருச் சிரிப்பு. எளியவனுக்குன்னு ஒரு கல்லை எவனாவது சின்னதாச் செஞ்சு போட்டானா? போடல. நான் தூக்குனேனான்னு கேக்காதே, உங்க அத்தை இருந்தா சொல்லுவா. உங்க ஆபிஸ்ல மட்டும் என்ன வாழுதாம்? வருசா வருசம் மார்க்குப் போடுதாங்களே, அதுல முதல் மார்க்கு வாங்குனவனைப் பாத்து, தம்பி, அடுத்த வருசம் நீ மூணு மாசம் பொறுத்து ஆரம்பி, மத்தவன் முன்னால போகட்டும்னு எந்த மேனேஜராவது சொல்லுவானா? சொல்லிப் பாரு. சொல்லிட்டு எனக்குத் தகவல் குடு, ஊருக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டுருவோம், ரெண்டு பேருக்குமா.

உனக்குத் தூக்கம் வரலன்னு சொல்லுதே. நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லுதே. டாக்டரும் நட நடன்னு சொல்லியாச்சு. நான் பாத்த மட்டுல உனக்கு உடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல; உன்னைய எண்ண ஒரு ஆளு இல்ல, அதான் கோளாறு. இந்தத் தெருவுல உன் பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியும். குப்பைத் தொட்டி வைக்கப் போனப்ப கேட்டுக்கிட்டேன். நீ பாட்டுக்குக் கோடாலி வாங்கி, பின்பக்கத்துல தனியா நின்னு, போனைச் செங்கல்லுல சாத்தி வச்சு வீடியோ எடுத்துக்கிட்டு வெட்டுனேன்னா, அது இன்னொரு ஓடுற ரப்பருதான். பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குப் போன் போடுவான். அவனாவது உன்னோட பேசுனான்னு ஆகும்.

பெரிய குடும்பங்களைப் பத்தியும் அங்க கேட்டோமில்ல. டேவிட் ஃபாஸ்டர்னு டாஸ்மேனியாக்காரரு, ஆயிரத்துக்கு மேல பட்டம் ஜெயிச்சவராம். பட்டம்னா நம்ம ஊருல பெயருக்கு முன்னால போட்டுக்கிடுற பட்டம் இல்ல. அவரு அப்பா ஜார்ஜும் இதே தொழிலு. அப்பனும் மவனும் ஒரே ரம்பத்தோட ரெண்டு பக்கமும் நின்னு போட்டி போட்டவங்க. நியூசிலாந்துல ஜேசன் வைன்யார்டு, மாவோரி சனத்துல பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் கோடாலிக்காரங்க. பெண்டாட்டி கார்மினும் ரம்பம் இழுக்கிற ஆளு. புருசன் பெண்டாட்டி சேந்தே களத்துல இறங்குவாங்க. அந்த மனுசன் 2023 டிசம்பர்ல புத்துநோயில போயிட்டாரு. 49 வயசு. அதையும் சொல்லிருதேன், கோடாலி எமனை வெட்டும்னு நீ நெனச்சுக்கிடாதே. ஜிம்முக்காரன் அப்படிச் சொல்லிக் காசு வாங்குவான், நான் வாங்க மாட்டேன்.

ரம்பம்னு சொன்னதும் ஞாபகம் வந்துட்டுது. ஆளு உசரத்துக்கு ரம்பம், ரெண்டு பக்கமும் பிடி. ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம். இதுல ஒரே ஒரு சூட்சுமம்னு பெரியவரு சொன்னாரு. இழுக்க மட்டும்தான் செய்யணும். தள்ளவே கூடாது. எதிராளி இழுக்கும்போது நீ உதவி செய்யுதேன்னு தள்ளுனா, தகடு நெளிஞ்சு கட்டைக்குள்ள மாட்டிக்கிடும், ரெண்டு பேரும் அப்படியே நிக்க வேண்டியதுதான். அவ இழுக்கும்போது கையைத் தளத்தி விட்டுக் குடு. உன் முறை வரும்போது இழு. எம் மவ இதைத் தமிழ்ல சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா. ரெண்டு தடவை சொன்னா. எனக்கு முதல் தடவையே விளங்கிட்டுதுன்னு சொன்னேன். அப்பா, உங்களுக்குச் சொல்லலன்னா.

கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான் உன்னைய வாங்க மாப்ளேன்னு மரியாதையா கூப்பிட்டேன். மறுநாளே பழையபடி ஏலே மருமவனே ஆயிட்டுது. அந்த உரிமையில ஒரு காரியம் பண்ணிட்டேன், கோவிச்சுக்கிடாதே. அந்தப் பெரியவரு இங்க ஒரு சங்கத்துல பொடிசுகளுக்குக் கத்துக் குடுக்காராம். புதுசா வாரவங்களுக்குச் சின்னக் கட்டை, பழைய கோடாலி, பக்கத்துலயே நிக்க ஒரு ஆளு. சனிக்கிழமை காலையில. நீ வழக்கமா எந்திரிக்கிற நேரத்துக்கு அவங்க முடிச்சிட்டு டீ குடிச்சிருவாங்க, அதனால அலாரம் வச்சுக்கோ.

எம் மவ பேரை ரம்பத்துக்குக் குடுத்தாச்சு. அவளுக்குச் சோடி அந்தப் பெரியவரோட பேத்தி, பதினெட்டு வயசுப் பிள்ளை, நல்லா இழுக்குமாம். எம் பேரைச் செகண்டு எண்ணுறதுக்குக் கேட்டாங்க. தமிழ்ல எண்ணுனா பரவாயில்லையான்னேன், நல்லதுதான், எவனும் ஏமாத்த முடியாதுன்னுட்டாங்க.

உம் பேரும் குடுத்திருக்கு. முதல் ரெண்டு மாசம் கட்டை தூக்கி வைக்கணும், வெட்டி முடிச்சதும் சிலாம்பைக் கூட்டி அள்ளணும். விளக்குமாறு அங்கயே இருக்கு. அதுக்குத் தனியா நீ ஒண்ணும் வாங்க வேண்டாம்.